எம்.எஸ்சி. புராஜெக்டுக்கு மாறொளி விண்மீன் எடுக்கிறவர்களுக்கு

கடைசி செமஸ்டர் புராஜெக்டுக்கு மாறொளி விண்மீன் (பிரகாசம் கூடிக் குறையும் விண்மீன்) எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். தாராளமாக. ஆனால் திருவாதிரை வேண்டாம். 2019 கடைசியில் அது மங்கியதிலிருந்து வந்த கட்டுரைகளைப் படிக்கவே செமஸ்டர் போதாது.

நான் எடுத்தது ஆர் ஹைட்ரே. மாதக்கணக்கில் மெல்லத் துடிக்கும் மைரா வகை விண்மீன். சித்திரை நட்சத்திரத்துக்கு நேர் தெற்கே, நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்குக் கொஞ்சம் அதிகம். ராமநாதபுரக் கடற்கரையில் 57 டிகிரி உயரம் வரை ஏறும். ஐரோப்பாவில் அடிவானத்தை ஒட்டித்தான் கிடைக்கும்.

1700 வாக்கில் அதன் ஒளி ஒருமுறை ஏறி இறங்கும் சுற்று ஏறக்குறைய 495 நாள். 1950 வாக்கில் 385. விண்மீன் வயதாகி மாறுவதை, அதாவது அதன் பரிணாமத்தை, இதில் பார்க்கலாம். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) இங்கேதான் துருவுவார்கள்: "ஒளி மாறுவதை வைத்து எப்படிப் பரிணாமம் என்கிறாய்?" ஒரு சுற்றுக்குள் ஒளி ஏறி இறங்குவது வெறும் துடிப்பு. அந்தச் சுற்றே குறுகுவதுதான் தடயம். சுற்றுக்காலம் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம் என்பதால், சுற்று குறைந்தால் விண்மீன் சுருங்குகிறது. உள்ளே மையத்தைச் சுற்றியுள்ள ஹீலியம் அடுக்கு திடீரென எரிந்ததன் பின்விளைவு என்பது ஒரு விளக்கம். எல்லோரும் ஏற்கவில்லை, அதையும் சொல்லிவிடுங்கள்.

ஒரு செமஸ்டரில் முழுச் சுற்று கிடைக்காது. 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்கர் சங்கத்தின் பதிவுகள் இலவசம். அவற்றோடு உங்கள் புள்ளிகளைச் சேருங்கள்.

ஜனவரியில் விடியற்காலை 3 மணிக்கு எழ வேண்டும், ஏப்ரலில் இரவு பூரா கிடைக்கும். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு இருக்க விடமாட்டார்கள். வாலிநோக்கம் பக்கம் போங்கள். மிக மங்கலான வாரங்கள் தவிர 10x50 பைனாகுலர் போதும். விண்மீன் வரைபடத்தில் பிரகாச அளவு 5.2, 6.0 என்று குறித்த இரண்டு விண்மீன்களுக்குச் சரியாக நடுவில் தெரிந்தால் 5.6. ஒப்பிடும் விண்மீன்களும் அதே உயரத்தில் இருக்கட்டும். இது சிவப்பு விண்மீன். முறைத்துப் பார்த்தால் பிரகாசம் கூடுவதுபோல் தெரியும். சட்டென்று பார்த்துக் கண்ணை எடுத்துவிடுங்கள். அப்புறம், உப்புக் காற்று. லென்ஸில் படிந்த உப்பைச் சட்டைத் துணியால் துடைத்தால் கீறல்தான். ஊதிவிட்டு, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள்.

முன்னுரைக்கு ஒரு நம்மூர்ச் செய்தி: சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் ஆர் ரெட்டிகுலி மாறொளி என்று கண்டுபிடித்தார். அதுவும் இதே மைரா வகைதான்.