பிளேஜியரிசம் ரிப்போர்ட்: பூஜ்யம் வந்தாலும் சந்தோஷப்படாதீர்கள்

சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கொடுக்கும் வரை சிக்கலில்லை. நவீன இலக்கியமும் அறமும் பற்றிய ஆய்வேட்டை ஒப்படைக்கப் போனபோது, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் பிளேஜியரிசம் (எழுத்துத் திருட்டு) ரிப்போர்ட்டில் 0 சதவீதம் வந்தது. கோப்பு பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் இருந்ததுதான் காரணம். மென்பொருளுக்கு அது தமிழே இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். "யூனிகோடுல கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தமிழைத் தமிழாகவே சேமிக்கும் யூனிகோடில்தான் வேண்டும் என்று படிவத்தில் ஒரு வரி போட்டிருந்தால் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த அலைச்சலாவது மிச்சமாகியிருக்கும்.

எழுத்துரு மாற்ற 2 நிமிடம், திருத்த 9 நாள். எழுத்துரு மாற்றும் மென்பொருள் நூற்பட்டியலில் உள்ள ஆங்கிலத் தலைப்புகளையும் பாமினி என்று நினைத்துக் கடித்துக் குதறிவிடும். அவற்றை முதலிலேயே வெட்டித் தனிக் கோப்பில் வைத்துவிடுங்கள். 'கௌரவம்' என்பது 'கெளரவம்' ஆகியிருக்கும், அதாவது 'கௌ' என்ற ஓரெழுத்து 'கெ', 'ள' என்று இரண்டாகப் பிரிந்திருக்கும். பார்வைக்கு ஒன்றுதான், தேடினால் அகப்படாது.

இரண்டாம் முறை 23 சதவீதம்! நாட்டுடைமையான எழுத்தாளர்களின் கதைகள் இணையத்தில் முழுசாகக் கிடக்கின்றன. மேற்கோள் காட்டிய ஒவ்வொரு பத்தியும் மாட்டிக்கொண்டது. எல்லாவற்றுக்கும் ஒற்றை மேற்கோள்குறி போட்டிருந்தேன். மென்பொருள் இரட்டைக் குறியைத்தான் மேற்கோளாக எடுத்துக்கொள்கிறது. உள்ளே தள்ளிப் போட்ட நீண்ட மேற்கோளுக்கும் இரட்டைக் குறியே போடுங்கள்.

யுஜிசியின் (பல்கலைக்கழக மானியக் குழு) 2018 விதிமுறைப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனையில்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் 6 மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். உரிய குறிப்போடு காட்டிய மேற்கோள், நூற்பட்டியல், முகவுரை, நன்றியுரை எதுவும் கணக்கில் சேராது. தொடர்ச்சியாக 14 சொல் வரை தற்செயலாக ஒத்துப்போனாலும் அப்படித்தான். ஆனால் இதையெல்லாம் விலக்கச் சொல்லி மென்பொருளில் யாராவது டிக் அடிக்க வேண்டுமே! கேட்டால்தான் அடிக்கிறார்கள். விதிமுறையின் அந்தப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைத்தேன். பேச்சே இல்லை, 7 சதவீதம்.

ஆய்வேட்டின் இயலை ஏற்கெனவே கட்டுரையாக வெளியிட்டிருந்தால் அதுவும் ஒப்புமையில் வரும். அது நீங்கள் எழுதியதுதான் என்று நெறியாளரிடம் கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்புமை தவிர இன்னொன்றும் உண்டு. என்னைப் போல ஆய்வுக்காகத் தோட்டத் தொழிலாளர்களோடு கதை வாசித்துப் பேட்டி எடுப்பவர்கள் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் அடியுங்கள். என்னுடையது ஆங்கிலத்தில் இருந்தது. புரியாத தாளில் கைநாட்டு வாங்குவது என்ன அறம் என்று ஆய்வேட்டை ஒப்படைத்த இடத்தில் கேட்டார்கள். அந்தக் கேள்வியில் மட்டும் குற்றம் சொல்ல முடியவில்லை. திரும்ப மலையேறி, படித்துக்காட்டி, சாட்சிக் கையெழுத்தோடு வாங்கினேன்.

ரிப்போர்ட் கைக்கு வரும் முன் பைண்டிங் கொடுக்காதீர்கள். பொன்னெழுத்து அட்டையோடு 5 பிரதி பரண்மேல் கிடக்கிறது.