வீட்டுத் தொட்டியில் மூங்கில் சுறா

வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு ஏற்ற சுறா எது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவைத்தான். ஓயாமல் நீந்தினால்தான் மூச்சுவிட முடியும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை, பகலில் பெரும்பாலும் மணலில் படுத்தே கிடக்கும். பல நேரங்களில் இது முட்டையாகவே விற்பனைக்கு வருகிறது. தோல் போன்ற அந்த உறைக்குப் பின்னால் டார்ச் பிடித்தால், மஞ்சள் கருவோடு ஒட்டியிருக்கும் குஞ்சு வாலை ஆட்டிக்கொண்டே இருப்பதைக் காணலாம். பொரிக்கும்போது ஒரு சாண்கூட இல்லாத இந்த உயிர், வளர்ந்தால் ஏறத்தாழ 1 மீட்டர் நீளத்தை எட்டும் என்பதைக் கடைக்காரர்கள் ஏனோ சொல்வதில்லை. ஆகவே, 1,000 லிட்டருக்கும் குறைந்த தொட்டியில் இதை வளர்ப்பதைக் கொடுமை என்றே கருதுகிறேன். நீளம் மட்டும் போதாது, உடலை வளைத்துத் திரும்புவதற்கு அகலமும் வேண்டும். மற்ற மீன்களின் நோய்க்கு ஊற்றும் தாமிர மருந்து சுறாவுக்கு நஞ்சு. கணவாய், இறால், மீன் துண்டுகளை வாரத்துக்கு 2 அல்லது 3 முறை கொடுத்தால் போதும்; ஆனால் அயோடின் குறைந்தால் தொண்டைக்கு அடியில் கழலை வீங்கும், நீரில் நைட்ரேட் மிகுந்தால் அந்த அயோடினை உடல் ஏற்பதும் தடைபடும் என்பதால், கணவாய்த் துண்டுக்குள் அயோடின் கலந்த வைட்டமின் மாத்திரையைச் செருகிக் கொடுக்கிறேன். தொட்டியின் மூடிமீது எப்போதும் எடை வைத்திருக்கிறேன். இரவில் இது மூக்கால் எதையும் தள்ளிப் பார்க்கும்.