முதல் குண்டு யார் சுட்டது? சினிமா பேப்பர் அரியர் முடித்த அனுபவம்

போன வாரம் ரிசல்ட் வந்தது. சினிமா ஆய்வு பேப்பர் பாஸ். போன முறை 31, இந்த முறை 68. ஒரு வருஷமாக இருந்த மனபாரம் இறங்கி, அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். ஞாபகம் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். நான்காம் யூனிட் பற்றி மட்டும்தான்: வேற்றுக்கிரகவாசிகள் வரும் படங்களில் ஒளிந்திருக்கும் போர் எதிர்ப்பு. என்னைக் கவிழ்த்ததும் தூக்கிவிட்டதும் அந்தப் பெரிய கேள்விதான்.

முதல் முறை, கைமாறி வந்த நோட்ஸில் இருந்த வாய்பாட்டை அப்படியே எழுதினேன். வேற்றுக்கிரகவாசி என்றால் அமெரிக்காவின் கம்யூனிஸ்ட் பயத்துக்கு அடையாளம், அவ்வளவுதான். எட்டுப் படங்களுக்கு அதையே ஒட்டி, இடையில் கதைச் சுருக்கத்தை நிரப்பினேன். விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தபோது ஓரத்தில் சிவப்பு மையில் இரண்டே சொல்: 'படத்தில் எங்கே?' கோபம் வந்தது. ஆனால் நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை.

அப்புறம் 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' (1951) படத்தை உட்கார்ந்து நாலு தடவை பார்த்தேன். வாஷிங்டனில் விண்கலம் இறங்குகிறது. சுற்றிலும் பீரங்கி வண்டிகள், துப்பாக்கியோடு சிப்பாய்கள். சமாதானமாக வந்திருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே கிளாட்டு என்ற வேற்றுக்கிரகவாசி இறங்கி வருகிறான். உடைக்குள்ளிருந்து ஒரு பொருளை எடுக்கிறான். அது படக்கென்று விரிகிறது. பதற்றத்தில் ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். கிளாட்டு விழுகிறான், பொருள் உடைந்துபோகிறது. அது உங்கள் ஜனாதிபதிக்குக் கொண்டுவந்த பரிசு, இதைக் கொண்டு மற்ற கிரகங்களின் வாழ்க்கையை அவர் ஆராய்ந்திருக்கலாம் என்கிறான் அவன். படம் வந்தபோது கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு காட்சியைப் பற்றி மட்டும் இரண்டரைப் பக்கம் எழுதினேன்.

அதனால் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதுதான்: எந்தப் படமானாலும் முதல் குண்டு யார் சுட்டது என்று பாருங்கள்.

'ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸ்' (1997) படத்தில் வேற்றுக்கிரகப் பூச்சிகள்தான் எதிரி என்று அரசுச் செய்திப்படம் ஓயாமல் முழங்குகிறது. ஆனால் மனிதர்கள் அவற்றின் எல்லைக்குள் போய்க் குடியேறிய செய்தியும் நடுவில் வந்துபோகிறது. நாம் உள்ளே நுழைந்ததால்தானே அவை தாக்கின என்று ஒரு நிருபர் கேட்கிறார், உடனே அவர் வாயை அடைத்துவிடுகிறார்கள். சில நொடிகளில் போய்விடும், கண் சிமிட்டாதீர்கள். இயக்குநர் பால் வெர்ஹோவன் 1938-ல் ஆம்ஸ்டர்டாமில் பிறந்து, நாஜி ஆக்கிரமிப்பில் சிறுவயதைக் கழித்தவர். படத்தின் சீருடைகள் ஏன் நாஜிச் சீருடை போல இருக்கின்றன என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

'அரைவல்' (2016) படத்திலும் விண்கலத்துக்குள் வெடிகுண்டு வைப்பது மனிதச் சிப்பாய்கள்தான். வேற்றுக்கிரகவாசிகளின் மொழியில் 'ஆயுதம்' என்று மனிதர்கள் புரிந்துகொண்ட ஒரு சொல் உலகத்தையே போர் விளிம்புக்குக் கொண்டுபோகிறது.

இந்த வழி எல்லாப் படத்துக்கும் பொருந்தாது. 'தி வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' கதையில் செவ்வாய்க்காரர்கள்தான் முதலில் தாக்குகிறார்கள். அங்கே கேள்வியை மாற்ற வேண்டும்: அடிவாங்குபவர் இடத்தில் யாரை நிறுத்தியிருக்கிறார்கள்? எச்.ஜி. வெல்ஸ் 1898-ல் வந்த நாவலின் முதல் அத்தியாயத்திலேயே ஆஸ்திரேலியாவை ஒட்டிய டாஸ்மேனியத் தீவின் பழங்குடிகளை ஐரோப்பியர் அழித்ததை நினைவூட்டி, இங்கிலாந்துக்காரர்களையே அந்த இடத்தில் நிறுத்துகிறார். அந்த நாவலை வைத்து எடுத்த 1953 படத்தில் அணுகுண்டு போட்டும் எதிரிக்குக் கீறல்கூட விழவில்லை. அதே கதையின் 2005 படத்தில், ஆக்கிரமிப்புகள் எப்போதும் தோற்கும் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. அப்போது அமெரிக்கப் படை ஈராக்கில் இருந்தது. இந்த மூன்றையும் வரிசையாக எழுதினாலே நல்ல மார்க்.

தேர்வுக்கு முன்னால்:

- மூன்று படம் போதும். நான் மெதுவாகப் படிக்கிற ஆள், எட்டுப் படம் பார்த்தால் எட்டும் குழம்பும்.
- வருஷத்தைப் படத்தின் பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள். அந்த வருஷம் எந்தப் போர் நடந்தது என்பதையும்.
- கதைச் சுருக்கம் நாலு வரிக்கு மேல் வேண்டாம்.
- சண்டை போட்டு ஜெயிப்பதைக் கொண்டாடுகிற 'இண்டிபென்டன்ஸ் டே' (1996) படத்தைப் போர் எதிர்ப்புக்கு உதாரணமாக எழுதாதீர்கள். நான் எழுதித்தான் 31 வாங்கினேன்.

இன்னொன்று. 1951 படத்தின் முடிவை மறைக்காமல் எழுதுங்கள். வன்முறையை மற்ற கிரகங்களுக்குக் கொண்டுவந்தால் பூமியே சாம்பலாகும் என்று கிளாட்டு எச்சரித்துவிட்டுத்தான் போகிறான். மிரட்டி வாங்குகிற சமாதானத்தைப் போர் எதிர்ப்பு என்று சொல்லலாமா? எனக்கு இன்னும் உறுத்துகிறது. விடையிலும் அதைக் கேள்வியாகவே எழுதி நிறுத்தினேன்.