ஒரே ஸ்டாண்டில் இருவர்

சேம்பர் ஆர்க்கெஸ்ட்ரா என்ற சிறிய இசைக்குழுவோடு மாணவர்களை வாசிக்க வைக்கும்போது, இசைத்தாள் வைக்கும் ஒரு ஸ்டாண்டுக்கு ஒரு கலைஞர், ஒரு மாணவர் என்று உட்கார வையுங்கள். மாணவர்களை மொத்தமாகப் பின்வரிசையில் தள்ளினால் பயனே இல்லை. வில்லை எந்தப் பக்கம் இழுப்பது என்று காட்டும் வில் குறிகளை முதல் ஒத்திகைக்கு முன்பே பென்சிலால் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

மாணவர்கள் பக்கத்து வயலினைக் காதால் கேட்ட பிறகுதான் தொடங்குவார்கள்; அதனால் இம்மி பிந்தும். முன்னால் இருப்பவரின் வில்லைக் கடைக்கண்ணால் பார்க்கப் பழக்குங்கள். அது தந்தியில் இறங்கும்போதே இவர்களுடையதும் இறங்க வேண்டும்.

ஆங்கில இசையமைப்பாளர் குஸ்தவ் ஹோல்ஸ்ட் லண்டன் பள்ளி மாணவிகளுக்காக எழுதிய 'செயின்ட் பால்ஸ் சூட்' இதற்கு அருமையான தேர்வு. கடைசிப் பகுதியில் 6/8 (இரண்டு மூன்றுகளாக எண்ணும் தாளம்) நடன மெட்டின் மேல் 'கிரீன்ஸ்லீவ்ஸ்' என்ற பழைய ஆங்கிலப் பாட்டு 3/4-இல் (மூன்று இரண்டுகளாக எண்ணுவது) வந்து சேரும். தடுமாற்றம் அங்கேதான். இரு மெட்டுகளையும் தனித்தனியே மெதுவாக வாசித்துவிட்டு, பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஒரே தட்டு வைத்துச் சேருங்கள்.