புனிதர் நீங்கிய புனிதத் தீவு

வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்துக் கடற்கரையை ஒட்டியுள்ள லிண்டிஸ்ஃபார்னை அந்தப் பகுதி மக்கள் புனிதத் தீவு என்றே அழைக்கிறார்கள். நாளொன்றுக்கு இருமுறை கடல் ஏறி அதைத் தீவாக்குகிறது; இருமுறை வற்றி மணல்வெளியைத் திறந்துவிடுகிறது. 8ஆம் நூற்றாண்டில் பீட் என்னும் துறவி தம் வரலாற்று நூலில் குறித்துவைத்த இந்த ஏற்றவற்றத்துக்கு இன்றும் எல்லோரும் கட்டுப்பட்டே ஆகவேண்டும். கடக்கத்தக்க நேரங்களை அட்டவணையாக அறிவிக்கிறார்கள். வண்டிகளுக்குத் தார்ச்சாலை உண்டு. ஆனால் யாத்திரிகர்கள் சென்ற பழைய வழி, மணலில் நட்டிருக்கும் உயரமான மரக்கம்பங்களின் வரிசையை ஒட்டி ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீள்கிறது. நான் அந்த வழியில்தான் நடந்தேன்.

காலணிகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். சேறு கணுக்கால்வரை குளிர்ந்து ஏறியது. ஒரு கம்பத்தருகே நின்று பார்த்தபோது, அதன் அடிப்பகுதியில் பாசியும் சிறு சிப்பிகளும் ஒட்டியிருந்தன. அந்தப் பச்சை என் தோள் உயரத்தில் முடிந்தது. இன்னும் சில மணி நேரத்தில் தண்ணீர் எங்கே நிற்கும் என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் தேவையில்லை. வழியில் கால்கள் வைத்த உயரமான மரக்கூண்டு ஒன்று நின்றது. நேரம் தவறி அகப்பட்டவர்கள் ஏறித் தப்புவதற்கானது அது. தொலைவில் மணல்திட்டில் கிடந்த கடல்நாய்களின் ஓலம் நெடுநேரம் கூடவே வந்தது.

இந்தத் தீவுக்கு 635ஆம் ஆண்டு ஸ்காட்லாந்தின் மேற்கே உள்ள அயோனா மடத்திலிருந்து வந்தவர் புனித எய்டன். அழைத்தவர் நார்தம்பிரிய அரசர் ஆஸ்வால்ட். நாடிழந்த இளமைக் காலத்தில் அயோனாத் துறவிகளிடம் திருமுழுக்குப் பெற்றவர் அவர். எய்டனுக்கு ஆங்கிலம் சரளமாக வராததால், அவர் நற்செய்தி அறிவிக்கும்போது அரசரே அருகில் நின்று மொழிபெயர்த்தார் என்கிறார் பீட். எய்டன் நடந்தே ஊர் ஊராகச் சென்றவர். பின்வந்த அரசர் ஆஸ்வின் கொடுத்த நல்ல குதிரையைக்கூட, வழியில் கையேந்திய ஏழைக்குச் சேணத்தோடு கொடுத்துவிட்டார்.

தீவில் இன்று நாம் காணும் இடிபாடுகள் எய்டன் எழுப்பியவை அல்ல. பலர் இங்கேதான் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். முதல் மடத்தில் இருந்தவை மரக்கட்டடங்களே. எய்டனுக்குப் பின்வந்த ஆயர் ஃபினான் கட்டிய ஆலயமும் ஓக் மரத்தால் ஆகி நாணல் வேய்ந்ததுதான். அவற்றில் எதுவும் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. செந்நிற மணற்கல்லில் நிற்கும் சுவர்கள், புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் டர்ஹாமிலிருந்து வந்து 12ஆம் நூற்றாண்டில் கட்டியவை. அவற்றைக் கட்டிய காலத்திலேயே, அவர்கள் போற்ற வந்த புனிதரின் உடல் இந்தத் தீவில் இல்லை.

அந்தப் புனிதர் கத்பர்ட். மெல்ரோஸ் மடத்தில் துறவு பூண்டு, லிண்டிஸ்ஃபார்னில் மடத்துத் துணைத்தலைவராக இருந்து, 676இல் தெற்கே உள்ள ஃபார்ன் தீவில் தனித்தவம் மேற்கொண்டவர். 685இல் வற்புறுத்தி ஆயராக்கினார்கள். இரண்டே ஆண்டுகளில் தம் குடிலுக்குத் திரும்பி, 687 மார்ச் 20 அன்று உயிர்நீத்தார். உடனிருந்த துறவி ஒருவர் இரண்டு விளக்குகளைக் கையில் ஏந்தி உயரமான இடத்தில் நின்று, கடலுக்கு இப்பால் லிண்டிஸ்ஃபார்னில் இரவெல்லாம் விழித்திருந்தவருக்குச் செய்தி காட்டினார். அவர் ஆலயத்துக்கு ஓடியபோது, உள்ளே சகோதரர்கள் 60ஆம் திருப்பாடலைப் பாடிக்கொண்டிருந்தார்கள். கடவுள் தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று முறையிட்டு, மீட்டருளும்படி மன்றாடும் பாடல் அது. ஃபார்னில் இருந்தவர்களும் அந்த நேரத்தில் அதே பாடலைத்தான் பாடியிருந்தார்கள். தெற்குக் கரையில் நின்று அந்தச் சிறு தீவுகளைப் பார்த்தபோது, அந்த இரு விளக்குகளைத்தான் என் மனம் தேடியது.

பதினோரு ஆண்டுகள் கழித்து, 698இல், கல்லறையைத் திறந்தவர்கள் உடல் அழியாதிருக்கக் கண்டார்கள். செதுக்கிய ஓக் பேழையில் வைத்து அதைப் பீடத்தருகே உயர்த்தினார்கள். அக்காலத்து ஆயர் ஈட்ஃபிரித் கன்றுத்தோலில் எழுதி வண்ணம் தீட்டிய நற்செய்திநூல், கடவுளுக்கும் புனித கத்பர்ட்டுக்கும் காணிக்கையானது. அதன் இலத்தீன் வரிகளுக்கு இடையே, 10ஆம் நூற்றாண்டில் ஆல்டிரெட் என்னும் குரு சொல்லுக்குச் சொல் தம் தாய்மொழியில் பொருள் எழுதிச் சேர்த்தார். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய ஆங்கில நற்செய்தி அந்த இடைவரிகளே. நற்செய்தியைத் தமிழில் வாசித்து வளர்ந்தவன் என்பதால், அந்தச் சிறு எழுத்துகள்மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு.

793 ஜூன் 8 அன்று வைக்கிங்குகள் இறங்கினார்கள். துறவிகள் சிலர் கொல்லப்பட்டார்கள், சிலர் கொண்டுசெல்லப்பட்டார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் 9ஆம் நூற்றாண்டுக் கல்லறைக் கல் ஒன்று இருக்கிறது. ஒரு முகத்தில் ஆயுதம் ஓங்கிய ஏழு பேர் வரிசையாக வருகிறார்கள். மறுமுகத்தில் சிலுவையும், அதன் இருபுறமும் கதிரவனும் நிலவும். அது தாக்குதலின் நினைவா, இறுதித் தீர்ப்புநாளின் காட்சியா என்று அறிஞர்கள் இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். அந்தக் கல் என் ஒரு கையால் அணைக்கக்கூடிய அளவே இருந்தது. அதன்முன் நெடுநேரம் நின்றேன். இவ்வளவுக்குப் பிறகும் துறவிகள் தீவை விட்டுப் போய்விடவில்லை. மேலும் 82 ஆண்டுகள் இங்கேயே செபித்தார்கள். 875இல்தான் கத்பர்ட்டின் பேழையைச் சுமந்துகொண்டு வெளியேறினார்கள். ஏழு ஆண்டுகள் வடநாடெங்கும் அலைந்து, 883இல் செஸ்டர்-லி-ஸ்ட்ரீட்டிலும், 995இல் டர்ஹாமிலும் இறக்கிவைத்தார்கள். இடிபாட்டை அடுத்துள்ள புனித மரியா ஆலயத்தில், முக்காடிட்ட ஆறு துறவிகள் பேழையைத் தோளில் சுமப்பதுபோல் ஆளுயர மரச்சிற்பம் இருக்கிறது. ஓரமாக அமர்ந்து பார்த்தால் அவர்கள் நம்மைக் கடந்து போவது போலவே இருக்கும்.

ஆக, 12ஆம் நூற்றாண்டுத் துறவிகள் வெறுமையான ஒரு கல்லறையின் நினைவுக்காகவே இவ்வளவு பெரிய ஆலயத்தை எழுப்பினார்கள். தூண்களில் டர்ஹாம் பேராலயத்தில் உள்ளதுபோன்ற கோடுகளைச் செதுக்கினார்கள். காற்றும் உப்பும் அந்தக் கற்களைத் தேனடைபோல் அரித்திருக்கின்றன. ஒரு தூணில் விரலை வைத்தேன், செம்மணல் ஒட்டிக்கொண்டு வந்தது. நடுக்கோபுரம் விழுந்துவிட்டது. அதைத் தாங்கிய குறுக்கு வளைவு ஒன்று மட்டும், வானவில்போல் எதையும் தாங்காமல் நிற்கிறது. இதைப் பாழாக்கியது வைக்கிங்குகள் அல்லர். 1537இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் மடம் மூடப்பட்டது; இதன் கற்கள் பின்னர் குன்றின்மேல் கோட்டை கட்டப் பயன்பட்டன.

கத்பர்ட் நின்ற பீடத்தின் இடம் இதுவாக இருக்கலாம் என்று நானே எண்ணிக்கொண்ட ஓரிடத்தில், புல்லின்மேல் முழந்தாளிட்டு, விண்ணகத் தந்தையை நோக்கிய செபத்தைத் தமிழில் சொன்னேன். கடல் ஏறும் நேரம் நெருங்கியதால் எழுந்து நடந்தேன்.

மறுநாள் ரயிலில் டர்ஹாமுக்குப் போனேன். பேராலயத்தின் தலைப்பீடத்துக்குப் பின்னால், தரையோடு தரையாகப் பதித்த கல்லில் கத்பர்ட்டுஸ் என்ற பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. நான்கு மூலைகளிலும் பெரிய மெழுகுத்திரிகள் நின்றன. முந்தின நாள் பாதியில் எழுந்து வந்த செபத்தை அங்கே தொடர்ந்து சொல்லி முடித்தேன்.