பூட்டிய வீடுகளின் கணக்கு

மாதிரிக் கணக்கெடுப்பு வேலைக்குப் புதிதாக வரும் இளைஞர்கள் பெரும்பாலும் புள்ளியியல் மாடல் போடும் ஆசையோடுதான் வருகிறார்கள். லாஜிஸ்டிக் ரிக்ரெஷன், பல அடுக்கு மாடல் என்று உற்சாகமாகப் பேசுவார்கள். நான் அவர்கள் கையில் முதலில் கொடுப்பது வீட்டுப் பட்டியலை. தெருத் தெருவாக நடந்து, எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எழுதிய பட்டியல். அதில் விட்டுப்போன குடும்பத்தை எந்த மாடலாலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

விட்டுப்போகிறவர்கள் எல்லா ஊரிலும் ஏறக்குறைய ஒரே மாதிரியான ஆட்கள். ஏரிப் புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவர்கள், மொட்டைமாடி அறையில் நெருக்கிக்கொண்டு தங்கியிருக்கும் வடமாநிலத் தொழிலாளர்கள், மகன் வீட்டுக் கொல்லையில் தனியாகப் பொங்கித் தின்னும் பாட்டி. ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம் என்பது எங்கள் கணக்கு. வாசலில் நின்றபடியே எழுதினால் பாட்டியின் அடுப்பு கண்ணில் படாது. அவருடைய வறுமை மகனின் வருமானத்துக்குள் மறைந்துபோகும்.

அதைவிடச் சிக்கல் பூட்டிய வீடு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தை பிறந்த பிறகு போனால் சில தெருக்களில் வரிசையாகப் பூட்டு தொங்கும். குடும்பத்தோடு செங்கல் சூளைக்கோ கரும்பு வெட்டவோ போயிருப்பார்கள். களப்பணியாளருக்கோ அன்றைய எண்ணிக்கையை முடித்தாக வேண்டும். "சார், பக்கத்து வீட்டுல எடுத்துக்கட்டுமா?" என்று போன் வரும். வேண்டாம் என்றுதான் சொல்வேன். பக்கத்து வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறார் என்றால், பெரும்பாலும் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போகவேண்டிய நிலை அவருக்கு இல்லை என்றுதான் அர்த்தம். அவரை வைத்து இடத்தை நிரப்பினால் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் விகிதம் ஏறும், கடன் குறையும். யாரும் பொய் சொல்லாமலேயே அறிக்கை பொய்யாகிவிடும். தேசிய குடும்ப நல ஆய்வில் மாற்று வீட்டுக்கு இடமே கிடையாது. அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும். வேறு வேறு நேரத்தில் திரும்பப் போக வேண்டும். அப்போதும் ஆள் இல்லையென்றால் பூட்டியிருந்தது என்று பதிய வேண்டும். எடையை, அதாவது மாதிரியில் வந்த ஒரு வீடு எத்தனை வீடுகளுக்காகப் பேசுகிறது என்ற எண்ணை, திருத்தும்போது அந்தப் பதிவு உதவும். ஓரளவுக்குத்தான், ஆனாலும் உதவும்.

புள்ளியியலாளர் மகலனோபிஸ் 1930களின் பிற்பகுதியில் வங்காளத்தில் சணல் சாகுபடிப் பரப்பை மதிப்பிட்டபோது, ஒரே பகுதிக்கு இரண்டு குழுக்களைத் தனித்தனி மாதிரிகளோடு அனுப்பும் முறையைக் கையாண்டார். இரண்டு விடைகளும் வெகுவாக விலகினால் பிழை களத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். கேள்வித்தாள் டேப்லெட்டுக்கு வந்துவிட்ட காலத்திலும் இதைவிட நேர்மையான சோதனையை நான் பார்க்கவில்லை. செலவைக் காட்டி இதைத் தவிர்ப்பவர்களோடு ஒவ்வொரு முறையும் வாதாடுகிறேன்.

மாடல் போடும் நேரத்தில் அதிகமாக மறக்கப்படுவது, ஒரே ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள் என்பது. ஊருக்கு 20 வீடு வீதம் 100 ஊரில் எடுத்தால் 2,000 வீடு. ஊருக்குள் இருக்கும் ஒப்புமை (முழுக்க ஒரே மாதிரி என்றால் 1, ஒப்புமையே இல்லையென்றால் 0) 0.1 என்றால், 1 + 19 × 0.1, அதாவது சராசரியின் மாறுபாடு 2.9 மடங்கு பெருகும். கையில் இருக்கும் 2,000 வீடு, தனித்தனியாகத் தேர்ந்தெடுத்த சுமார் 690 வீடு தரும் துல்லியத்தைத்தான் தரும். குடிநீர், சாலை போன்ற கேள்விகளில் ஒப்புமை இன்னும் கூடும், ஊருக்கே ஒரே குழாய்தானே! இதைப் பார்க்காமல் மென்பொருளை ஓடவிட்டால் எல்லா முடிவுக்கு நேராகவும், தற்செயலாக வந்ததல்ல என்று காட்டும் நட்சத்திரக் குறி மின்னும்.

எடைகளிலும் இப்படி ஒன்று உண்டு. 2021-இல் நடக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், 2011-இன் ஊர்ப்பட்டியலை வைத்தே நீண்டகாலம் மாதிரி எடுத்தோம். பழைய அளவுக்கு ஏற்ற வாய்ப்பில் (பெரிய ஊருக்குக் கூடுதல் வாய்ப்பு) ஊரைத் தேர்ந்தெடுத்து, ஊருக்கு 20 வீடு என்று நிறுத்திவிட்டால், இடையில் மூன்று மடங்கு பெருத்துவிட்ட ஊரில் ஒவ்வொரு வீட்டின் எடையும் மும்மடங்காகும். ஒரகடம் மாதிரித் தொழிற்சாலைகள் வந்த இடங்களைச் சுற்றி இது நடக்கும். பகுப்பாய்வாளர் அதை விலகிய எண்ணாகப் பார்த்து வெட்டப் போவார். வெட்டினால் சராசரி அடங்கும், வரைபடம் அழகாகும். ஆனால் அந்தப் பெரிய எடைக்குப் பின்னால் இருப்பவர்கள் 2011-க்குப் பிறகு அங்கே வந்து குடியேறியவர்கள். எடையை வெட்டச் சொல்லி யார் கேட்டாலும், அந்த ஊரின் புதிய வீட்டுப் பட்டியலை முதலில் பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.