தேவாங்கும் கல்பாசியும்

பத்தாவது படிக்கும்வரை வீட்டில் எனக்குப் பெயர் தேவாங்கு. ஒல்லிக்குச்சி உடம்பு, அதில் முழி மட்டும் பெரிசு. அப்படிக் கூப்பிட்ட அம்மா நிஜத் தேவாங்கைப் பார்த்ததே இல்லை. இத்தனைக்கும் எங்கள் ஊர் திண்டுக்கல் பக்கம்.

போன மாதம்தான் நான் பார்த்தேன். அய்யலூர்ப் பக்கத்துக் காட்டை நன்றாகத் தெரிந்த நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டியிருந்தார்; வெள்ளை வெளிச்சம் அதைத் தொந்தரவு செய்யுமாம். ஒன்பது மணிக்கு மேல், உசிலமரத்தில் இரண்டு கங்குகள். கால் கிலோ இருந்தால் அதிகம். வால் கிடையாது. ஒரு கையை எடுத்து வைக்கும், கிளையை இறுகப் பிடிக்கும், அப்புறம்தான் அடுத்த கால். எங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்படியே நின்றுவிட்டது. டார்ச்சைத் தாழ்த்தியபின் பார்த்தால், பட்டையில், மசாலாவுக்குப் போடும் கல்பாசி படர்ந்திருப்பதுபோலத்தான் தெரிந்தது.

கல்பாசி என்ற பெயரில் பாதிதான் உண்மை. கல்லைவிட மரப்பட்டையில்தான் அதிகம் வளரும். பாசியும் பாதிதான், மீதி பூஞ்சை. பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்க, பாசி வெயிலை வைத்துச் சமைத்துப் போடுகிறது. இந்தக் கூட்டுக் குடித்தனத்துக்கு லைக்கன் என்று பெயர். தேவாங்கு தூங்கும் பகலில்தான் இதற்கு அடுப்பெரியும்.

நிதானத்தில் கல்பாசி தேவாங்கையே தோற்கடித்துவிடும். வருடத்துக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தால் பெரிய விஷயம். மளிகைக் கடையில் ஒரு பிடி வாங்கினால் பல வருஷத்தைப் பொட்டலம் கட்டி வாங்குகிறோம். மலையில் பட்டையிலிருந்து சுரண்டி எடுப்பது ஒரு நிமிஷ வேலை.

தேவாங்குக்கு வேறு கஷ்டம். அதற்குத் தாவத் தெரியாது. கிளையும் கிளையும் தொடாவிட்டால் தரையில் இறங்கித்தான் போகவேண்டும், நடுவில் ரோடு இருந்தாலும். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரைக் கடவூர் தேவாங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். கல்பாசிக்காக யாரும் வேலி போட்டு நான் கேள்விப்பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா எண்ணெயில் கல்பாசியைப் போட்டபோது இதையெல்லாம் சொன்னேன். பூஞ்சை என்றதும் முகம் சுளித்தாள். வாசனை எழும்பியதும் மறந்துவிட்டாள்.

"சரி, அந்தத் தேவாங்கு என்னத்தத் திங்குது?"

"எறும்பு, கரையான், வண்டு."

"அதான் அப்படி இருக்கு. மூணு வேளையும் சோறு தின்ன நீ ஏன்டி அப்படி இருந்த?"